வண்டிப் பைத்தியம் பிடித்த குழந்தையும் வேலைவிட்டு வரும் பெற்றோரும்: சாயங்காலத்துக்கான முழு வழிகாட்டி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ வேலை முடித்து ஆறரைக்கு வீடு சேர்கிற அப்பா அம்மாவுக்கும், எட்டரைக்குக் கண்ணை மூட வேண்டிய குழந்தைக்கும் நடுவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். சமையல், சாப்பாடு, குளியல், மறுநாள் பை அடுக்குவது எல்லாம் அதற்குள்தான். குழந்தைக்கு வண்டிப் பித்து என்றால், "அதைக் கீழ வச்சிட்டு வா" என்று கெஞ்சுவதிலேயே அதில் பாதி போய்விடும்.

அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள் என்பதுதான் இந்த வழிகாட்டி சொல்வது. சோற்றுக்கு வண்டி வரட்டும், குளிக்க வரட்டும், படுக்கவும் வரட்டும். வண்டியைப் பிடுங்கிவிட்டுக் குழந்தையைக் கூப்பிட்டால் அழுகைதான் வரும். வண்டியைக் கூப்பிட்டால் குழந்தை கூடவே வரும். கீழே உள்ளவை ஒன்றேகால் வயது முதல் மூன்றரை வயது வரையிலான குழந்தைகளுக்குப் பொருந்தும்.

வாசலில்: நிஜ வண்டி முதலில்

ஹாரன் சத்தம் கேட்டதும் குழந்தை நடையைத் தாண்டி வாசலுக்கு ஓடிவரும். அந்த ஓட்டம்தான் சாயங்காலத்தின் பெரிய ஆபத்து. வீட்டில் இருப்பவர், அப்பத்தாவோ ஐயாவோ (தாத்தா), குழந்தையைத் திண்ணைக்கு மேல் பிடித்துக்கொண்ட பிறகே வண்டி வாசலுக்குள் நுழைய வேண்டும். காரைப் பின்னால் எடுக்கும்போது குழந்தை யார் கையில் இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பின்பக்கம் நிற்கிற இரண்டடி உயரக் குழந்தை கண்ணாடியில் தெரியாது.

பைக்கிலும் ஸ்கூட்டரிலும் சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம். எனவே வலது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்துங்கள். குழந்தை ஓடிவந்து கட்டிப்பிடிப்பது வண்டியைத்தான், அதுவும் சைலன்சர் இருக்கிற உயரத்தில்தான். சுட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். பற்பசை, நெய், மை, ஐஸ்கட்டி எதுவும் கூடாது. கொப்புளம் வந்தாலோ, தோல் உரிந்தாலோ நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்து வருவது "ஒரு ரவுண்டு". 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதித் திருத்தப்படி, ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் தலைக்கவசமும், குழந்தையை ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும் வேண்டும். வேகமும் 40 கி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்துத் தெருக்கோடி வரை போய்வருவது வழக்கமாகிவிட்ட ஊர்களில் இது கறாராகத் தோன்றலாம். ஆனால் திடீரென்று பிரேக் போட்டால் முன்னால் இருக்கிற குழந்தையைப் பிடிக்கக் கை மிச்சம் இருக்காது. வேறொரு சிக்கலும் உண்டு: ஒரு நாள் ரவுண்டு போனால் மறுநாள் மழையிலும் போயாக வேண்டும்.

அதற்குப் பதில் இது போதும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை அணைத்து, குழந்தையை இடுப்பில் பிடித்தபடி சீட்டில் உட்காரவையுங்கள். சாவியைத் திருப்பி இரண்டு ஹாரன், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர். பிறகு "வண்டிக்குத் தூக்கம் வருது" என்று சாவியை எடுத்துவிடுங்கள். தினமும் ஒரே வரிசையில், ஒரே அளவில் நடந்தால் நாலைந்து நாளில் குழந்தைக்கே அது பழகிவிடும். எடுத்த சாவியை மட்டும் விளையாடக் கொடுக்காதீர்கள். ரிமோட் சாவிக்குள் பெரும்பாலும் பொத்தான் பேட்டரி இருக்கும். அதன் ஆபத்தைக் கீழே பார்ப்போம்.

முதல் கால் மணி நேரம்

உள்ளே வந்ததும் கை கால் கழுவி, துணி மாற்றி, போனை அலமாரியில் வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். பதினைந்து நிமிடம், முழுசாக. சோறு வைத்துவிட்டு வந்து உட்காரலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பகலெல்லாம் காணாத குழந்தை அடுப்படி வரை காலைக் கட்டிக்கொண்டே வரும். அரை மணி வேலை ஒரு மணியாக நீளும். முதலில் கொடுத்துவிட்டால் பிறகு அது தானாக விளையாடும்.

இந்தக் கால் மணியில் ஓட்டுநர் குழந்தைதான். நீங்கள் பக்கத்தில் இன்னொரு வண்டியை அதே மாதிரி ஓட்டினால் போதும். "இது என்ன கலரு? எத்தனை சக்கரம்?" என்று கேள்வியாகக் கேட்பது பரீட்சை ஆகிவிடும். நடப்பதைச் சொல்லிக்கொண்டே போங்கள்: "செவப்பு லாரி மேட்டுல ஏறுது… ஏறுது… அம்மாடி, எறங்கிருச்சு." ஏறு, இறங்கு, முன்னால, பின்னால, உள்ள, வெளிய, வேகமா, மெதுவா என்று இடமும் இயக்கமும் குறிக்கும் சொற்கள் வண்டி விளையாட்டில் வந்துகொண்டே இருக்கும். படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இவற்றை இவ்வளவு சுளுவாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஒன்றரை வயதுக்குக் கீழே முன்னும் பின்னும் தள்ளுவதுதான் விளையாட்டு. இரண்டு வயதை ஒட்டி "பெட்ரோல் போடணும்", "பஞ்சராயிருச்சு" என்று பாவனை ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் கதை கட்டினால் குழந்தை எழுந்து போய்விடும்.

வண்டிகளை ஒரே வரிசையாக அடுக்குவதைப் பார்த்துப் பயப்படும் பெற்றோர் உண்டு. அடுக்குவது மட்டும் இருந்தால் கவலை வேண்டாம், இந்த வயதில் பல குழந்தைகள் செய்வதுதான். ஆனால் அதோடு பேர் சொன்னால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் எதையும் விரல் நீட்டிக் காட்டாதது, வந்த பேச்சு நின்றுபோவது, வண்டியை ஓட்டாமல் கவிழ்த்துச் சக்கரத்தை மட்டுமே சுற்றிக்கொண்டிருப்பது ஆகியவையும் சேர்ந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஐயா வீட்டில் இருந்தால் இந்தக் கால் மணிக்கு முன்பே திண்ணையில் "வண்டி எண்ணுகிற" வேலையை அவரிடம் விடலாம். மினிபஸ், டிராக்டர், பால்வண்டி, ஷேர் ஆட்டோ. செட்டிநாட்டுத் திண்ணை தெருவைவிட உயரமாக இருப்பதால் பார்க்கத் தோதானது. ஆனால் அந்த உயரம் விழுவதற்கும் தோதுதான், குழந்தையைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வண்டி, எந்த வண்டி

ஐந்து. அதற்கு மேல் வெளியே இருக்க வேண்டாம். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், 16 பொம்மைகளுக்கு நடுவே விட்டதைவிட 4 பொம்மைகளோடு விட்டபோது குழந்தைகள் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், விதவிதமாக விளையாடினார்கள். முப்பது வண்டியைக் கொட்டிவிட்டால் குழந்தை கொட்டுவதையே விளையாட்டாக்கிக்கொள்ளும். மீதியை இரண்டு பெரிய ஓலைக் கொட்டானில் போட்டு மேலே வைத்து, வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். பிளாஸ்டிக் டப்பாவைவிடக் கொட்டான் நல்லது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் சத்தம் வராது, தூக்கி எறிந்தாலும் ஆத்தங்குடிக் கல்லுக்கு (செட்டிநாட்டு வீடுகளின் வண்ணத் தரைக்கல்) சேதம் இல்லை.

ஐந்தில் என்னென்ன? கையடக்கமான மர வண்டி இரண்டு, பாரம் ஏற்றும் டிப்பர் ஒன்று, ஆட்களை ஏற்றி இறக்குகிற பஸ் ஒன்று, குழந்தைக்கு உயிரான வண்டி ஒன்று. சாமான் ஏற்ற இடமுள்ள வண்டிதான் அதிக நேரம் தாங்கும்.

உலோகத்தில் வரும் ஏழு சென்டிமீட்டர் குட்டிக் கார்களின் அட்டையில் பொதுவாக மூன்று வயதுக்கு மேல் என்றே போட்டிருக்கும். காரே விழுங்குகிற அளவு இல்லை, கழன்று வருகிற சக்கரமும் ரப்பர் டயரும்தான் காரணம். வீட்டில் சோதிக்க ஒரு வழி: சார்ட் பேப்பரை உள்விட்டம் 4 செ.மீ. வரும்படி உருளையாகச் சுருட்டி ஒட்டுங்கள். அதற்குள் முழுசாக விழுகிற எந்தத் துண்டும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை கையில் இருக்கக் கூடாது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு சக்கரத்தையும் பெரியவர் கை பலத்தோடு இழுத்துப் பாருங்கள். ஆடுகிற வண்டியைப் பசை போட்டு ஒட்டித் திரும்பக் கொடுக்க வேண்டாம், அந்த ஒட்டு குழந்தையின் பல்லுக்குத் தாங்காது.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். திருவிழாக் கடைகளில் விற்கிற வண்டிகளில் அது பெரும்பாலும் கண்ணில் படாது. பெயின்ட் உரிகிற வண்டியை, எவ்வளவு ஆசைப்பட்டாலும், வாயில் வைக்கிற வயதில் கொடுக்காதீர்கள்.

விளக்கு எரிந்து சைரன் அடிக்கிற வண்டி என்றால் பேட்டரி மூடி திருகாணியால் மூடியிருக்க வேண்டும். வெறும் கொக்கி மூடி கூடாது. பொத்தான் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே புண்ணாக்கிவிடும். எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது, இருமல் அறிகுறிகள். எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்காமல், எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108. சைரன் சத்தம் பொறுக்க முடியவில்லை என்றால் ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் அகலமான செலோடேப் ஒட்டினால் நன்றாகக் குறையும்.

பின்னால் இழுத்துவிட்டால் ஓடுகிற வண்டி இரண்டரை வயதுக்கு முன் வேண்டாம். இழுத்து, அழுத்தி, விடுவது மூன்று தனி வேலை. சின்னக் குழந்தை முன்னால் தள்ளித்தான் பார்க்கும், உள்ளே பல்சக்கரம் வீணாகும். தலைமுடிக்குப் பக்கத்தில் விட்டால் முடியைச் சுற்றிக்கொள்ளும். எந்த வண்டியும் திடீரென்று திக்கி ஓடினால் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். ஊசியால் தூக்கி, சின்னக் கத்தரியால் வெட்டி எடுத்தால் சரியாகிவிடும்.

தரையே ரோடு

பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு ரோடு போட்டே வைத்திருக்கிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் நடுவில் ஒரு கோலமும், சுற்றிலும் வேறு வண்ணத்தில் ஓரக்கல் வரிசையும் இருக்கும். அந்த ஓரக்கல்தான் சுற்றுச்சாலை. எட்டு அங்குலக் கல்லில் பத்து சென்டிமீட்டர் நீள வண்டிகள் இரண்டு எதிரெதிரே தாராளமாகப் போகும். இரண்டு வயதுக்கு மேல் "வண்டி ஓரக்கல்லு மேல மட்டும்தான்" என்ற ஒரே விதி போதும், சுவர் தப்பிக்கும். அதற்குக் கீழே எந்தக் கோடும் குழந்தையைக் கட்டுப்படுத்தாது, எதிர்பார்க்கவும் வேண்டாம்.

வழவழப்பு டைல்ஸ் அல்லது சிமென்ட் தரை என்றால் ஓர் அங்குல மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். குட்டி வண்டிகளுக்கு 12 செ.மீ., பெரிய வண்டிகளுக்கு 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு இணைகோடுகள். வளைவு போட முயன்றால் டேப் சுருங்கித் தூக்கிக்கொள்ளும். மூலைகளை நேர்க்கோணமாகவே விடுங்கள். டேப்பை நாலைந்து நாளுக்கு மேல் விட்டால் பசை தரையிலேயே தங்கி அழுக்கைப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் பத்து நிமிடம் ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது என்பதால் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதன் மேல் காட்டவே கூடாது, மேற்பரப்பை அரித்துவிடும். எண்ணெய் துடைத்த இடத்தைக் காய்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள், வழுக்கும்.

மேடு வேண்டுமா? இரண்டடி நீளப் பலகையோ கெட்டி அட்டையோ எடுத்து, ஒரு பக்கத்தை 10 முதல் 15 செ.மீ. உயர்த்துங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் வண்டி கீழே வரும்போது மூக்கு தரையில் குத்திக் குப்புற விழும். பலகையின் அடிமுனைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சார்ட் பேப்பரை வளைவாக ஒட்டினால் அந்தக் குத்தல் நின்றுவிடும். பளபளப்புத் தரையில் வண்டி எதிர்ச்சுவர் வரை ஓடும். வழியில் கோரைப்பாய் விரித்தால் வேகம் பாதியில் அடங்கும். தரையில் ஓட்டம், பாயில் நிறுத்தம் என்று மாறி மாறி விட்டுப் பார்ப்பதிலேயே இரண்டரை வயதுக் குழந்தைக்கு அரை மணி போகும்.

வளவில் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) விளையாடவிட்டால் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு இறங்குகிற விளிம்பு. பார்வை வண்டி மேல் இருக்கும்போது குழந்தை பின்னாலேயே நகர்ந்து விழும். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே ஒரு பெஞ்சையோ சுருட்டிய மெத்தையையோ போடுங்கள். மற்றது, மழைத் தண்ணீர் போகிற தூம்பு. காணாமல் போகிற வண்டிகளில் பாதி அதற்குள்தான் கிடக்கும். முதல் மழையில் தண்ணீர் தேங்கும்போதுதான் தெரியும். சின்னக் கண்ணுள்ள கம்பி வலை ஒன்றை வெட்டி உட்கார்த்திவிடுங்கள்.

அடுப்படி நேரமும் போனும்

ஏழு மணிக்கு நீங்கள் அடுப்படிக்குப் போகும்போதுதான் யாராவது போனில் லாரி வீடியோ போட்டுக் கொடுப்பார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்கிறது, உறவினரோடு வீடியோ கால் பேசுவது மட்டும் விதிவிலக்கு. இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகக் கூடாது. படுக்கப்போகும் நேரத்தில் பார்த்தால் தூக்கமும் தள்ளிப்போகும்.

வீட்டில் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. "போன் குடுக்காதீங்க" என்றால் பகலெல்லாம் பார்த்துக்கொண்டவருக்கு மனம் வருந்தும். "அப்பத்தா, ஏழு மணிக்கு மேல நீங்கதான் பெட்ரோல் பங்கு. வண்டி உங்ககிட்ட வந்தாத்தான் டேங்க் நிரம்பும்" என்று ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம்.

தனியாகப் பார்த்துக்கொள்பவர் அடுப்படி வாசலுக்கு வெளியே, உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பாயைப் போட்டு டிப்பரில் சரக்கு ஏற்றிக் கொடுங்கள். சரக்கு என்றால் சின்ன வெங்காயமோ புளியங்கொட்டையோ வேண்டாம், தொண்டையில் அடைக்கும். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு எலுமிச்சை, துணிக் கிளிப்புகள் போதும். அடுப்படிக்குள் மட்டும் வண்டி ஓடக் கூடாது. காலுக்கடியில் வண்டியும் கையில் கொதிக்கிற குழம்பும் சேரவே கூடாத இரண்டு.

சாப்பாடு

குழந்தைக்கு வேண்டியதை மசாலா சேர்ப்பதற்கு முன் எடுத்துவைத்துவிடுங்கள். மிளகும் வரமிளகாயும் சேர்ந்த பிறகு நெய் விட்டுச் சமாளிப்பது நடக்காது. அவசரமான நாளில்: கால் டம்ளர் அரிசி, இரண்டு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒன்றேகால் டம்ளர் தண்ணீர், ஒரு சின்ன கேரட், மஞ்சள்தூள் சிட்டிகை. குக்கரில் நாலு விசில், மசித்து அரை ஸ்பூன் நெய், கொஞ்சம் உப்பு.

மாவு இருந்தால் குழிப்பணியாரம் இன்னும் எளிது. நாலு பணியாரம் நாலு சக்கரம், நடுவில் குழைய வேகவைத்த கேரட் துண்டு அச்சு. காட்டிவிட்டு ஒவ்வொன்றையும் நாலாக நறுக்கிக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு ஒரே ஒரு வண்டி, அது தட்டுக்குப் பக்கத்தில் "ஸ்டாண்டில்" நிற்கும். ஒரு வாய்க்கு ஒரு சுற்று என்று பேரம் பேசாதீர்கள். பேரம் ஆரம்பித்த வீட்டில் சாப்பாடு ஒரு மணி நேரம் ஆகும்.

அழுகையை நிறுத்தச் சீப்புச் சீடையோ முறுக்குத் துண்டோ வேர்க்கடலையோ கையில் கொடுப்பதுதான் மோசமான பழக்கம். ஓடிக்கொண்டே கடினமானதைத் தின்றால் மூச்சுக்குழாயில் போகும். முழு வேர்க்கடலை நான்கு வயது வரை வேண்டவே வேண்டாம்.

நிறுத்துவது: கடைசி டிரிப்

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றால் இரண்டு வயதுக் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. எண்ணக்கூடிய ஒன்று வேண்டும். "இன்னும் மூணு டிரிப். அப்புறம் பஸ்ஸு டிப்போவுக்குப் போகுது." ஒவ்வொரு டிரிப்பையும் சத்தமாக எண்ணுங்கள். மூன்றாவது முடிந்ததும் கொட்டானைச் சாய்த்துப் பிடித்தால் வண்டிகளை ஒவ்வொன்றாகக் குழந்தையே ஓட்டிக்கொண்டு போய் விடும். நாலாவது டிரிப் ஒரு நாள் கொடுத்துவிட்டால் மறுநாள் முதல் மூன்றுக்கு மதிப்பில்லை.

அழுதால்? அழட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஓட்டணும்னு ஆசையா இருக்கு" என்று சொல்லிவிட்டு, கொட்டானைத் தூக்கி மேலே வையுங்கள். வண்டியை எறிந்தால் "வண்டி ஓடும், பறக்காது" என்று ஒரு முறை சொல்லுங்கள். இரண்டாவது முறை எறிந்தால் அந்த வண்டி மட்டும் அன்றைக்கு டிப்போவுக்குப் போகட்டும், எறிய ஒரு துணிப்பந்தைக் கொடுங்கள். எறிவது கைக்கு வேண்டியிருக்கிறது, வண்டியைத்தான் எறியக் கூடாது. இரண்டு பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒரே மாதிரி வண்டி இரண்டு வாங்குவது பாதிச் சண்டையை நிறுத்தும்.

வண்டி கழுவும் நேரம்

குளிக்க வராத குழந்தையும் "சர்வீஸ்" என்றால் வரும். அகலமான பேசினில் நாலு விரல் தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஓட்டையில்லாத பிளாஸ்டிக் வண்டி ஒன்று. உலோக வண்டியின் அச்சு துருப்பிடிக்கும், இழுத்துவிடும் வண்டியின் ஸ்பிரிங்கும் அப்படித்தான், மர வண்டி உப்பும். உள்ளே தண்ணீர் புகுகிற வண்டியில் பூஞ்சை வரும். சித்திரை, வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் ஏழு மணிக்கும் சுடும். முழங்கையால் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். துண்டு எடுக்கக்கூடக் குழந்தையை விட்டுப் போகாதீர்கள், முடிந்ததும் பேசினைக் கவிழ்த்துவிடுங்கள்.

படுக்கை

ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மூன்று வயதில் 10 முதல் 13. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தூங்கவிட்டால் இந்தக் கணக்கு முழுக்கக் கவிழும். பகலில் பார்த்துக்கொள்பவரிடம் இதை மட்டும் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

எட்டு மணிக்கு டியூப்லைட்டை அணைத்துச் சின்ன விளக்குப் போடுங்கள். ஒரு புத்தகம் அல்லது ஒரு கதை, வண்டிகள் ஒவ்வொன்றாக வீடு திரும்புகிற கதையே போதும். ஒரு வயது தாண்டிய குழந்தை ஒரு வண்டியைப் படுக்கைக்குக் கொண்டுவரலாம்: கூர்முனை, பேட்டரி, கழலும் துண்டு எதுவும் இல்லாத துணி வண்டியோ வழவழப்பான மர வண்டியோ. மீதி கொசுவலைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி நிற்கட்டும். கண்ணில் படாமல் ஒளித்துவைத்தால் தேட எழுந்துகொள்ளும்.

எட்டு மணிக்குப் பிறகு வருபவர்கள்

ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஹோட்டல் வேலையில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் நேரப்படி நடக்காது. குழந்தையை விழித்திருக்கவைத்துக் காத்திருக்கச் சொல்லாதீர்கள், தூங்கியதை எழுப்பவும் வேண்டாம். தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்கச் சிணுங்கல்தான். விழித்திருந்தால் ஹாரன், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்கிற அந்தக் கால் மணி நேரத்தைக் காலை ஆறரைக்கு மாற்றுங்கள். முந்தின நாள் இரவே ஐந்து வண்டியையும் ஓரக்கல்லில் நிறுத்திவைத்தால், காலையில் எழுந்ததும் குழந்தை போனைத் தேடிப் போகாது.